அம்மன் பாதம்

இப்போதெல்லாம் மனிதர்களுக்குச் செருப்பைக் கழற்றிப் போடக்கூடத் தெரியவில்லை. நடக்கிற பாதையில் மூலைக்கொன்றாக உதறிவிட்டு உள்ளே போய் மல்லாந்துவிடுகிறார்கள்.

கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்றச் சிங்கப்பூர் தேக்காவுக்கு வந்த கருப்பையா, இடறி விழப் பார்த்துத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

நிமிர்ந்து பலகையிலிருந்த தமிழை எழுத்துக்கூட்டிப் படித்தார். தாய் மசாஜ். பேரைப் பார், தாயாம். வாசலிலேயே காலை வாரிவிடுகிற தாய்.

கதவோரம் ஒரு பிள்ளையார் வேறு. அவருக்குப் படையலாகச் சிவப்புச் சோடா, அதில் ஒரு ஸ்ட்ரா. பக்கத்தில் கிண்ணம் நிறைய விபூதி.

காசு கொடுத்துக் காலை அமுக்கிக்கொள்கிறவர்களைக் கருப்பையா ஏசாத நாளில்லை. டாக்டரையும் நம்பமாட்டார், மாத்திரையையும் நம்பமாட்டார். நம்பியது ஒன்றே ஒன்றைத்தான். வெள்ளிக்கிழமைதோறும் மனைவி குணவதி அம்மன் கோயிலிலிருந்து கொண்டுவந்து அவர் முட்டியில் தேய்த்துவிடும் விபூதி. இன்றும் வெள்ளி. காலையிலேயே கிளம்பிப் போயிருந்தாள்.

வாசலில் நின்ற தாய்லாந்துப் பெண் சிரித்தாள். "அண்ணே, வாங்க! முட்டி வலியா? நல்லா அமுக்கலாம் லா!"

"எனக்கு ஏம்மா வலி? அம்மன் விபூதி, மூணே மாசம், ஓடியே போச்சு. இங்க பாரு!"

சட்டைப் பையிலிருந்து ரோஸ் தாள் பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

அவள் பொட்டலத்தைப் பார்த்தாள். பிறகு கதவைக் காட்டினாள்.

அங்கே ஒரு கயிற்றில் கடை நோட்டீஸ்கள் கொத்தாகத் தொங்கின. அதே ரோஸ் தாள். அவருக்குப் படிக்கத் தெரியாத அதே இங்கிலீஷ் எழுத்து. அதன் கீழே அதே இரண்டு பாதங்கள்.

அம்மன் பாதம் என்று வாராவாரம் அவர் கண்ணில் ஒற்றிக்கொண்ட பாதங்கள்.

மெல்லக் குனிந்தார். சிதறிக் கிடந்த செருப்புகளுக்கு நடுவே பச்சை வார் போட்ட ஒரு ஜோடி. அறுந்த வாரைக் கறுப்பு நூலால் குணவதிக்குத் தைத்துக் கொடுத்தது அவரேதான்.

ஜோடியை எடுத்து, வெளியே வருகிறவள் அப்படியே மாட்டிக்கொள்ளும்படி திருப்பி வைத்தார். பொட்டலத்தைப் பத்திரமாகப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

சந்தியில் பச்சை விளக்கு சிமிட்டியது. ஒரே ஓட்டமாகக் கடந்துவிட்டார். எதிர்ப்பக்கம் நின்று காலை மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார்.

துளி வலியில்லை.

முட்டியும் பொய் சொல்லப் பழகிவிட்டது என்று முணுமுணுத்தபடி நடந்தார்.