கறுப்படித்த கைப்பிடி

பளபளவென்றிருந்த காரின் குரோம் பட்டைகளுக்கும் கதவுக் கைப்பிடிக்கும் முதலாளி ஸ்டைலுக்காகக் கறுப்பு அடித்துவிட்டார். பம்பரில் மிளகாய்களோடு தொங்கிய எலுமிச்சம்பழம் அதை எட்டி எட்டிப் பார்த்தது.

கைப்பிடி சும்மா இருக்குமா? "குழந்தைக்குக் கன்னத்துல ஒரு மைப்பொட்டு வெச்சாலே கண்ணு படாது. எனக்கு உடம்பெல்லாம் மை! இனி நீ எதுக்குப்பா?" என்று சீண்டியது.

நாளைக்கே தன்னை அறுத்து எறிந்துவிடுவார்களோ என்று பழம் மிளகாய்களுக்கு நடுவே சுருங்கிப்போனது.

சாயங்காலம் தெருவே திரண்டு வந்தது. "அடேயப்பா, கைப்பிடியே என்னா கெத்து!" என்று ஆளாளுக்குத் தடவிப் பார்த்தார்கள். இத்தனை கண்களா என்று முதலாளிக்குப் பகீரென்றது. கடைக்கு ஓடிப்போய் வந்து, கைப்பிடியிலேயே ஒரு புதுப் பழத்தைக் கட்டினார்.

பழைய பழம் பம்பரிலிருந்து புதுப் பழத்துக்குக் குரல் கொடுத்தது: "தம்பி, அந்த மைப்பொட்டுக்குக் கண்ணு பட்டுடாம பாத்துக்க!"