இரண்டு இடத்தில்

கண்ணெதிரே ஒரு வரி காணாமல் போனது.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்து மறுபடி மாட்டினார்.

இன்னொரு வரியும் போனது.

கம்ப்யூட்டர் திரையில் 'செண்பகம்' என்ற ஃபோல்டர் திறந்திருந்தது. அதில் இருப்பதெல்லாம் அவர் மனைவியின் குரல். தொண்டையில் கத்தி வைப்பதற்கு முந்தின வாரம் பேசிப் பதிந்தவை. ஆபரேஷனுக்குப் பிறகு குரல் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனுஷி அழுதுகொண்டு உட்காரவில்லை. மைக்கை முன்னால் வைத்துக்கொண்டு பேசித் தள்ளிவிட்டாள்.

புருஷனுக்குத் திட்டு. மகனுக்குச் சமையல் குறிப்பு. அப்போது இன்னும் பிறக்காத பேரக்குழந்தைக்குக் கதை.

அதற்கப்புறம் ஒரு வருஷம் சிலேட்டில் எழுதிக் காட்டினாள். அதற்கப்புறம் அதுவும் இல்லை.

தினமும் காலையில் சாப்பிட்டதும் அவர் 'மாத்திரை' என்ற பதிவைத் தட்டுவார். "என்ன, மாத்திரை போட்டாச்சா? பொய் சொல்லாதீங்க, டப்பாவக் காட்டுங்க" என்பாள். அவரும் டப்பாவைத் தூக்கிக் காட்டுவார். பைத்தியக்காரத்தனம்தான். பார்த்துச் சிரிக்க அந்தத் திருச்சி வீட்டில் யார் இருக்கிறார்கள்?

இன்றைக்கும் அதைத் தட்டத்தான் வந்து உட்கார்ந்தார்.

'மாத்திரை' போனது.

ஐயோ!

தன் விரல்தான் எதிலாவது பட்டுவிட்டதோ? மௌஸை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டார். அப்போதும் ஒரு வரி போனது. அவர் தொடவேயில்லை. அது பாட்டுக்குப் போகிறது.

வைரஸா? எவனாவது உள்ளே புகுந்துவிட்டானா?

அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. திரையின் பட்டனை அமுக்கினார். இருட்டானது. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி போட்டார். அணைந்தது திரை மட்டும்தான். உள்ளே வேலை நிற்காமல் நடந்திருக்கிறது. பாதி வரிகள் இல்லை.

நெட் வயரைப் பிடுங்கினால் நிற்கும் என்று தோன்றியது. மேஜைக்கு அடியில் குனிந்தார். எல்லா வயரும் கறுப்பு. எல்லாம் சிக்குப் பிடித்துக் கிடந்தன. கையில் அகப்பட்டதை இழுத்தார். ஸ்பீக்கர் வயர் வந்தது. நாசமாய்ப் போக. இன்னொன்றை இழுத்தார். நெட் பெட்டியின் விளக்கு அணைந்தது.

மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து பார்த்தார்.

ஃபோல்டர் இருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

குப்பைத்தொட்டி படத்தைத் திறந்தார். அங்கேயும் இல்லை.

செல்போன் அடித்தது. ஆக்லாந்திலிருந்து மகன் திருமாறன். அங்கே மாட்டுப் பண்ணைகளுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். பெண் குழந்தை பிறந்து சந்தோஷத்தில் இருக்கிறவன்.

"அப்பா, சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு."

"பாப்பா சிரிக்க ஆரம்பிச்சிட்டாப்பா! வீடியோ ஏத்தி வைக்கலாம்னு பாத்தா, நெட்ல இடமே இல்ல. அதான் இங்க இருந்த அம்மா ஃபோல்டரை அழிச்சிட்டேன். குப்பையையும் காலி பண்ணிட்டேன். இப்பதான் இடம் கெடச்சுது."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

போன வருஷம் அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்ததே இவன்தான். இங்கே நீங்கள் போட்டால் அங்கே எனக்குத் தானாக வந்துவிடும், ஒரு இடத்தில் போனாலும் இன்னொரு இடத்தில் இருக்கும், பயமே வேண்டாம் என்றான். அங்கே அழித்தால் இங்கேயும் தானாக அழியும் என்று அவனுக்கும் உறைக்கவில்லை. அவருக்கும் உறைக்கவில்லை. இரண்டு பேரும் படித்தவர்கள்தான், என்ன பிரயோஜனம்.

"உங்ககிட்டதான் இருக்கேன்னு அழிச்சேன்" என்றான் மகன். பிறகு குரல் இறங்கியது. "இருக்குல்லப்பா?"

எல்லாம் முடிந்த பிறகு வருகிற சந்தேகம்.

இல்லை என்று சொல்லிவிட்டால்? பெற்ற தாயின் குரலைத் தன் கையாலேயே அழித்துவிட்டோம் என்று ஆயுசுக்கும் தலையில் அடித்துக்கொள்வான். இனி அந்தக் குழந்தையின் சிரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்கு இதுதான் ஞாபகம் வரும். அவருக்கு ஓவென்று கத்தி அழவேண்டும் போலிருந்தது.

"இருக்குடா" என்றார்.

"அப்பாடா! ஒரு நிமிஷம் பயந்தே போயிட்டேன். பாப்பாவுக்குன்னு அம்மா சொல்லி வச்ச கதையெல்லாம், இவ கொஞ்சம் வளந்ததும் போட்டுக் காட்டணும்ப்பா."

"காட்டலாம். வளரட்டும்."

"இனிமே உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு. எதுக்கும் இன்னொரு காப்பி எடுத்து வச்சிருங்க. ஒரு டிஸ்க் வாங்கிப் போடுங்க. இல்லேன்னா பென் டிரைவ்."

வெண்டைக்காய் வாங்கினாலும் ஒவ்வொன்றாக நுனி ஒடித்துப் பார்க்கிற மனுஷர் அவர். எதை வாங்கினாலும் நூறு கேள்வி கேட்பார் என்பது மகனுக்குத் தெரியும். இப்போது பேசாமல் இருந்தால் கண்டுபிடித்துவிடுவான்.

"ரெண்டுல எதுடா நல்லது?"

"டிஸ்க்தான்ப்பா. பென் டிரைவ் எங்கயாவது தொலைஞ்சிரும்."

"டிஸ்க்கு கீழ விழுந்தா?"

"விழாம பீரோவுக்குள்ள வைங்க."

"ரெண்டா வாங்கிரவா? ஒண்ணு உங்க அத்தை வீட்ல கெடக்கட்டும். இங்க ஏதாவது ஆச்சுன்னா அங்க இருக்கும்."

"சூப்பர்ப்பா. அப்படியே செய்யுங்க."

"எவ்ளோ பெருசு வாங்கணும்?"

மகன் சிரித்தான். பின்னால் குழந்தை ஏதோ குரல் கொடுத்தது.

"அது அம்மா ஃபோல்டர் எவ்ளோ இருக்குன்றதப் பொறுத்ததுப்பா. பாத்துச் சொல்லுங்களேன்."

அவர் திரையைப் பார்த்தார்.

"பெருசுடா" என்றார். "நெறைய பேசியிருக்கா."