பஞ்சாலை வாசல்

ராஜபாளையத்துப் பஞ்சாலையின் வாசல் கதவு, தொழிலாளி கை வைத்ததும் ரத்தத்தைப் பரிசோதித்த பிறகுதான் திறக்கும். ஒருநாள் காலை அது தினகருக்குத் திறக்கவில்லை. பல வருடங்களாக அவன் சுவாசித்த பஞ்சுத்தூசி, ரத்தப் புற்றுநோயின் தொடக்கம்வரை அவனைக் கொண்டுபோயிருந்தது.

மருந்தை ஆலையே கொடுத்தது. ஆனால் வீட்டிலிருந்து ஒருவர் அங்கே வேலை பார்க்கும்வரைதான்.

"நீ போகாத. எனக்கு மருந்தே வேண்டாம்" என்றான் மனைவி சௌமியாவிடம்.

"சும்மா இருங்க. என் ரத்தம் நல்லாத்தான இருக்கு?"

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு."

அவள் போனாள். சாயங்காலம் திரும்பி வந்ததும் அவள் தலையில் ஒட்டியிருக்கும் பஞ்சை அவன் ஒவ்வொன்றாக எடுத்துவிடுவான்.

மூன்றாம் வருடம் அவனுக்கு முழுதாகக் குணமானது. தூத்துக்குடிக்குப் போய்ச் சின்னதாக ஒரு டிபன் கடை போடலாம் என்று முடிவு செய்தார்கள். வேலையை விடுவதாகச் சொல்லிவர இருவரும் சேர்ந்தே ஆலைக்குப் போனார்கள்.

கதவு சௌமியாவுக்குத் திறக்கவில்லை.

அவள் மறுபடியும் கையை வைத்துப் பார்த்தாள். தினகர் அவளை மெதுவாக விலக்கிவிட்டுத் தன் கையை வைத்தான். உடனே திறந்தது.

"வேண்டாங்க, வாங்க போயிருவோம்" என்றாள் அவள்.

"மருந்துக்கு எங்க போறது?"

அவள் தூசிக்காகக் கட்டியிருந்த தன் முகத்துணியை அவிழ்த்து அவனுக்கு இறுக்கிக் கட்டிவிட்டாள்.