சிவக்காத துணி

ஒன்றுகூடச் சிவக்கவில்லை.

கொய்யா மரத்தடியில் குந்தியபடி அவள் பத்தாவது துணித்துண்டையும் கத்தரித்து எடுத்தாள். நேற்று மாலை கட்டியபோது இருந்த அதே மஞ்சள்.

சந்தேகப்பட்டது சரி.

இதோடு மூன்றாவது தெளிப்பு. துத்தநாகக் கரைசல். இலை கருகாமலிருக்கச் சுண்ணாம்புத் தெளிவும் சேர்த்து அவளே கலந்து கொடுக்கிறாள். ஆனாலும் கடைசி வரிசை மரங்கள் வெளிறியே நிற்கின்றன.

வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத வரிசை.

இலை அதிகம் குடிப்பது அடிப்பக்கத்தால். குனிந்து, குழலை மேல்நோக்கிப் பிடித்து அடிக்க வேண்டும். முதுகில் பதினாறு லிட்டர் பேட்டரித் தெளிப்பான் டப்பாவோடு, ஐம்பது வயதில், யாரும் பார்க்காத இடத்தில் ஒருவர் குனிவாரா?

மருந்தடிக்க வரும் அழகுமலையிடம் அவள் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை. கல்லூரியில்கூடச் சந்தேகங்களைத் தாளில் எழுதித்தான் கொடுப்பாள்.

நேற்றுப் பழைய வேட்டியைக் கிழித்து மஞ்சளில் தோய்த்துக் காயவைத்தாள். கடைசி வரிசையில் மரத்துக்கு ஒன்றாக, இலைகளுக்கு அடியில் கட்டினாள். சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும். ஆரத்தி கரைக்கிற எல்லோருக்கும் தெரிந்த வேதியியல்.

இன்று விடியலில் கரைசல் குடத்தோடு அவரைப் பின்தொடர்ந்தாள். முதல் துணியைப் பார்த்ததுமே அழகுமலை நின்றுவிட்டார்.

“வேண்டுதலுங்களா அம்மிணி?”

கண்டுபிடித்துவிட்டாரோ? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

“ஆமாங்க.”

“எல்லாத்தையும் சாமியே பாத்துக்கிட்டா அப்புறம் நான் எதுக்குங்க?”

சிரித்தார். குற்றமுள்ளவர்கள்தான் இப்படி முந்திக்கொண்டு சிரிப்பார்கள் என்று நினைத்தாள். குடத்தை வைத்துவிட்டு நகர்ந்தாள். பார்த்துக்கொண்டு நின்றால் சோதனை கெட்டுவிடும்.

இப்போது பத்துத் துண்டுகளையும் கைக்குள் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அப்பாவிடம் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. துணியைக் காட்டினாள். அவர் எழுந்து முற்றத்துக்குப் போனார்.

சமையலறை ஜன்னலில் குரல்கள் கேட்டன.

“நாளைல இருந்து வர வேண்டாம் அழகுமலை.”

“ஏனுங்க?”

“அடியில அடிக்கறதே இல்லையாமா. புள்ள பாத்திருக்குது.”

டப்பாவைக் கழுவும் சத்தம் மட்டும் வந்தது. தினமும் கழுவுவதுபோல, மூன்று தண்ணீர். பிறகு கவிழ்த்து வைக்கும் சத்தம்.

அவள் துண்டுகளை மேடையில் பரப்பினாள்.

ஒன்றில் ஓர் இலையும் சேர்ந்து வந்திருந்தது. திருப்பினாள். இலையின் அடிப்பக்கம் முழுக்க, காம்புவரை, சுண்ணாம்பின் பொடிப்பொடி வெள்ளைப் பொட்டுகள்.

துணியில் ஒரு பொட்டுகூட இல்லை.

முடிச்சை அவிழ்த்தாள். மடிப்புக்குள் ஒரு சிவப்பு. கட்டைவிரல் அகலத்துக்கு.

அடுத்ததை அவிழ்த்தாள். அதிலும் அதே இடத்தில். அதற்கடுத்ததிலும்.

கரைசலில் நனைந்த விரலால் துணியைப் பிடித்து, முடிச்சுவரை சுருட்டி, உள்ளங்கைக்குள் மூடி வைத்திருந்தால் மட்டுமே விழக்கூடிய தடம். மறு கையால் குழலைப் பிடித்து இலையின் அடியில் அடித்திருக்கிறார். சாமிக்குக் கட்டியதன்மேல் மருந்து படாமல். பத்து மரத்திலும்.

தன் கட்டைவிரலை அதன்மேல் வைத்துப் பார்த்தாள். தடம் பெரியதாக இருந்தது.

வெளியே மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து தள்ளும் சத்தம்.

அது எப்போதும் மூன்றாவது உதையில்தான் கிளம்பும்.

முதல் உதை.

அவள் குரல் இதுவரை முற்றத்தைத் தாண்டிப் போனதில்லை.

இரண்டாவது உதை.