ரெட்டை மூட்டைக்காரர்

மூட்டை எழவில்லை.

திருமலைச்சாமி மறுபடியும் குனிந்து அதன் இரண்டு காதுகளையும் பிடித்து இழுத்தார். பூண்டு மூட்டை முழங்கால் உயரம் வந்தது. அதற்குமேல் கைகள் தாமாகவே விட்டுவிட்டன.

பூம்பாறையில் இன்னும் விளக்குகூட ஏற்றவில்லை. யாரும் பார்க்கக்கூடாது என்றுதான் இவ்வளவு வெள்ளனே வந்திருந்தார். கிட்டங்கிக்குள் பாதி மூட்டைகளைப் பனி மூடியிருந்தது.

பின்னால் யாரோ மூச்சு வாங்கினார்கள்.

அவர் திரும்பவில்லை. திரும்பினால் யாரும் இருக்கமாட்டார்கள். சில மாதங்களாகவே அது அவர் பின்னால் வருகிறது. பூண்டு வயல்களிலிருந்து ரோட்டுக்கு ஏறும் கல்படிகளில், பாரத்தோடு ஏறுகிறவனின் அவசரமில்லாத மூச்சு.

அது யாருடைய மூச்சு என்பதும் அவருக்குத் தெரியும்.

இரண்டு மூட்டைகளை ஒன்றாக முதுகில் போட்டுக்கொண்டு, லாரி வரைக்கும் நிற்காமல் ஏறியவன் ஒருவன் இருந்தான். ரெட்டை மூட்டைக்காரன் என்றால் பெருமாள்மலை டீக்கடை வரை லாரிக்காரர்களுக்குத் தெரியும். அவன் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தான். அவனாக இருந்த இவர்தான் கீழே நின்றுவிட்டார்.

போன மாசியில் அவருக்கு நீர் அடைத்துக்கொண்டது. இடுப்பெலும்புக்குள் யாரோ ஆணி அடிப்பதுபோல் வலி. மனைவி அன்னக்கொடி அவரைக் கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா சோதித்துவிட்டு, இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"உள்ள ஒரு கட்டி இருக்கு. ஆம்பளைச் சத்தைத் தின்னுதான் அது வளருது. அந்தச் சத்தைக் குறைச்சா கட்டி சுருங்கும். இது ஹார்மோன் மாத்திரை. ஒரு நாள்கூட விடக்கூடாது."

கட்டி சுருங்கியது. நீர் பிரிந்தது. வலி போன இடம் தெரியவில்லை.

கூடவே அவரும் போய்க்கொண்டிருந்தார். தோளில் இறுகிக் கிடந்த சதை இளகித் தொங்கியது. மார்பு வீங்கி, துணி பட்டாலே நொந்தது. மற்றவர்கள் வெற்றுமேலோடு சுமக்க, அவர் மட்டும் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டார்.

ஒரு நாள் பாதிப் படியில் மூட்டையோடு உட்கார்ந்துவிட்டார். பின்னால் வந்த, கூடச் சுமக்கும் சுப்புராஜ் அதையும் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு மேலே போனான்.

மறுநாள் காலையில், "அண்ணே, நீங்க சாக்கு வாயைத் தைச்சுக் குடுங்க, போதும்" என்றான்.

பெண்கள் பார்க்கிற சோலி அது. அவன் குரலில் கேலி இருந்திருந்தால் தாங்கியிருப்பார். இல்லை.

அன்றோடு மாத்திரை விழுங்குவதை நிறுத்தினார். அன்னக்கொடி பார்க்க வாயில் போட்டுக்கொண்டு தண்ணீர் குடிப்பார். கொல்லைக்குப் போய், நாக்கடியில் ஒதுக்கியதைத் துப்பிவிட்டு வருவார்.

வலி திரும்பி வரும் என்று பயந்தார். வரவில்லை. அப்படியென்றால் நோய் ஒழிந்தது. இனி பலம் வரவேண்டியதுதான் பாக்கி.

அடுத்த பூண்டு அறுப்பும் வந்துவிட்டது. பலம் வரவில்லை.

நோயும் இல்லை, மருந்தும் இல்லை. ஆனாலும் அந்த ரெட்டை மூட்டைக்காரன் திரும்பி வரவில்லை. கிட்டங்கி இருட்டில் நின்றபோது அவருக்கு விளங்கியது. அவன் செத்துவிட்டான். செத்தவனின் மூச்சுதான் படியில் கேட்கிறது. அவன் போட்டுவிட்டுப் போன உடம்புக்குள் யாரோ ஒருத்தராக இவர் உட்கார்ந்திருக்கிறார்.

ஆட்கள் வரும் நேரமாகிவிட்டது. தைப்பதற்குக் கோணி ஊசியை எடுத்து வரவில்லை. வீட்டுக்குத் திரும்பினார்.

அடுப்படியில் அன்னக்கொடி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கும்பாவுக்குள் வெள்ளையாக எதையோ வைத்து, கரண்டியின் அடியால் நசுக்கிக்கொண்டிருந்தாள். மாவாக நசுங்கியதும், மேலே கேப்பைக் கூழை ஊற்றிக் கலக்கினாள். பக்கத்தில் ஆஸ்பத்திரி மாத்திரைக் குப்பி இருந்தது. அவர் வைத்திருக்கும் குப்பி அல்ல, வேறு.

நிலைப்படியில் நிழல் விழவும் திரும்பினாள். குப்பியை மறைக்கவில்லை.

"கொல்லையில வெள்ளையாக் கெடந்துச்சுங்க. கோழி கொத்திக்கிட்டு நின்னுச்சு" என்றாள். "சந்தைக்குப் போறேன்னு போனப்பல்லாம் டாக்டரம்மாகிட்டத்தான் போனேன்."

அவர் குப்பியையும் கும்பாவையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அப்ப, எம்பலத்தை எடுத்துக்கிட்டு இருந்தது நீயா?"

"ஆமாங்க."

அவர் கை ஓங்கிவிட்டது. அவள் அதைப் பார்த்தாள். விலகவில்லை, கண்ணை மூடவுமில்லை. கும்பா சிந்திவிடக்கூடாது என்று மட்டும் இன்னொரு கையையும் அதற்குக் கொடுத்தாள்.

"மூட்டை தூக்க ஊருக்குள்ள எத்தனையோ ஆளு கெடக்குங்க" என்றாள். அடுத்துச் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. அவள் உதடு மட்டும் கோணியது.

ஓங்கிய கை மெல்ல இறங்கியது. இறங்கி, கும்பாவை வாங்கிக்கொண்டது.

அவர் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்து குடித்தார். கசக்கிறதா என்று ஒவ்வொரு மடக்கையும் நாக்கில் நிறுத்திப் பார்த்தார்.

கசக்கவில்லை. இத்தனை மாதங்களில் ஒரு நாளும் கசந்ததில்லை.