பூத்த செடியா கொடுங்க

நந்தியாவட்டை, இட்லிப்பூ, அரளி. இவை போதும் என்று நர்சரிக்குள் நுழையும்போதே கேத்தரின் சொல்லிவிட்டாள்.

ஒருமுறை நட்டால் வருஷக்கணக்கில் பூக்க வேண்டும். தண்ணீர் ஊற்ற மறந்தாலும் வாடக் கூடாது. மருந்து, உரம், கவாத்து என்று எதுவும் கேட்கக் கூடாது. கவனிக்க ஆள் இல்லாவிட்டாலும் அதுபாட்டுக்குப் பூத்துக்கொண்டிருக்க வேண்டும்.

மாம்பழச்சாலையைத் தாண்டி, ஸ்ரீரங்கம் போகிற வழியில் இருந்தது அந்த நர்சரி. அதை நடத்துகிற யமுனா, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளிடம் போகிறவர்கள்தான் இப்படிக் கேட்பார்கள் என்று சிரித்தாள்.

கேத்தரின் மறுக்கவில்லை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

கணவர் ரெஜிஸ் அதற்குள் ரோஜாக்களின் பக்கம் போயிருந்தார்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றார். அதுவரை குவார்ட்டர்ஸ் வாழ்க்கை. இப்போது காஜாமலையில் சொந்த வீடு, வாசலில் கொஞ்சம் மண். அங்கே ரோஜா வைப்பது என்று அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன்பே முடிவு செய்திருந்தார். மாதா வணக்க மாதமான மே முழுக்க வீட்டுச் சுரூபத்துக்குக் கடைப் பூவைத்தான் வைத்து வந்தார்கள். அது அவருக்கு ஒரு குறை.

ரோஜாவுக்குப் பூச்சி வரும் என்றாள் கேத்தரின். வேப்பெண்ணெய் அடித்துக்கொள்ளலாம் என்றார். போர் தண்ணீர் உப்பு என்றாள். குடிதண்ணீரில் ஒரு குடம் ஒதுக்கிவிடலாம் என்றார். தினமும் யார் பார்ப்பது என்று கேட்டாள். கேட்டிருக்க வேண்டாம் என்று உடனே தோன்றியது.

அவர் காதில் அது வேறு மாதிரி விழுந்திருக்க வேண்டும். சிரித்தார்.

கறுப்புப் பைகளில் வரிசையாக இருந்த பன்னீர் ரோஜாக் கன்றுகளுக்கு முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகத் தூக்கி, பையின் அடியில் வேர் தெரிகிறதா என்று திருப்பிப் பார்த்தார். இலைகூட சரியாக விடாத குச்சிகள்.

"அதெல்லாம் இப்பத்தான் வேர் பிடிச்சிருக்கு சார். நல்லா பூக்க அடுத்த வருஷம் ஆயிடும்" என்றாள் யமுனா.

"ஆகட்டும்மா. இனிமே எனக்கு வேற என்ன வேலை?"

எழுந்திருக்கக் கையை நீட்டினார். கேத்தரின் பிடித்துத் தூக்கினாள். கை லேசாக இருந்தது. மறு கையால் அவர் பேன்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

அவள் நந்தியாவட்டை இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் எடுத்து ஓரமாக வைத்திருந்தது. யமுனா அவற்றுக்குச் சாக்கு விரித்துக்கொண்டிருந்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும் யமுனா. ரோஜாவே கொடுங்க. குச்சி வேணாம். பூத்த செடியா கொடுங்க."

ரெஜிஸுக்கு அது பிடிக்கவில்லை. வளர்ந்ததை வாங்கி வைத்துவிட்டு நான் வளர்த்தேன் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். கேத்தரின் நிழல்வலைப் பந்தலின் கடைசி வரை நடந்து, மொட்டும் பூவுமாக நின்ற தொட்டிகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். இன்றைக்கு விரிந்தது. நாளைக்கு விரியப் போவது. இந்த வாரத்தில் விரியும் என்று யமுனா சொன்னது. பச்சையாக இறுகிக் கிடந்த மொட்டுகளை வேண்டாம் என்றாள்.

"இவளுக்கு எப்பவும் அவசரம்மா" என்றார் ரெஜிஸ் யமுனாவிடம். கோபம் போயிருந்தது.

ஆட்டோவில் தொட்டிகளைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். காவிரிப் பாலத்தில் காற்று அடித்தபோது பூக்களைக் கையால் மறைத்தார். கீழே ஆறு மணலாகக் கிடந்தது. வயிற்றுப் புண் ஆறிவிட்டது என்று தெரிந்த பிறகுதான் எதையாவது செய்ய வேண்டும் என்றே தோன்றுகிறது என்று சொல்லிக்கொண்டு வந்தார். காலையில் தோட்டம், பிறகு நடை, பிறகு கோயில். இட்லிகூட இன்றைக்கு ஒன்று முழுசாக இறங்கியது என்றார்.

புண் என்றும், அது ஆறிவிட்டது என்றும் சொன்னது கேத்தரின்தான்.

ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் அவரை வெளியே உட்காரச் சொன்னார். பிறகு அவளிடம் சொன்ன வார்த்தை வேறு. இனி மாத்திரை வலிக்கு மட்டும்தான் என்றார். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், ஆசைப்பட்டதைச் செய்து கொடுங்கள் என்றார். வெளியே வந்தபோது ரெஜிஸ் பெஞ்சில் இருந்து எழுந்து, என்ன சொன்னார் என்று கேட்டார். அவர் முகத்தைப் பார்த்து அவளுக்குச் சொல்ல வந்தது அந்த ஒரு பொய்தான்.

வீட்டில் மண்வெட்டியை அவரே எடுத்தார். முதல் குழி பாதி ஆழம் போவதற்குள் நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் வாசல் படியில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு வெச்சுக்கலாம் கேத்தரின்."

அவள் கேட்கவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு மண்வெட்டியை வாங்கினாள். மண் கெட்டியாக இருந்தது. உள்ளங்கை தோல் உரிந்தது. ஒவ்வொரு தொட்டியையும் கவிழ்த்து, வேர் அறாமல் எடுத்து, இறக்கி, மண் தள்ளி மிதித்தாள். வெளிச்சம் போவதற்குள் எல்லாவற்றையும் நட்டுவிட வேண்டும் என்று இருந்தது அவளுக்கு.

படியில் இருந்தபடியே அவர் சொல்லிக்கொண்டிருந்தார். இவ்வளவு நெருக்கமாக வைக்காதே, வளர்ந்து படரும், இடம் விட்டு வை என்று.

அவள் இடம் விட்டு வைத்தாள்.