நுரை பொங்கிய குடுவை

"இன்னிக்கு வலி எப்படி இருக்கு?"

"வலியா? அது எந்த ஊர்ல இருக்குன்னு கேளுங்க" என்று சிரித்தாள் மனைவி. கணவர் நீட்டிய குப்பியை வாங்கி மடக்கென்று குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டாள். ஆரம்பத்தில் கசப்பு தாங்காமல் முகத்தை அஷ்டகோணலாக்கியவள், இப்போது பச்சைத் தண்ணீர் போலக் குடிக்கப் பழகிவிட்டாள்.

அவளுக்கு எலும்பு வரை பரவிவிட்ட புற்றுநோய். மருத்துவமனையில் கொடுத்த மாத்திரை எதற்கும் அந்த வலி மசியவில்லை.

அவருக்கு ஓர் ஆய்வகத்தில் வேலை. ஏதோ ஒரு மலைச்செடியின் வேரில் மட்டும் கிடைக்கும் வலி மருந்தை, மரபணு மாற்றிய ஈஸ்ட்டைக் கொண்டு அங்கே தயாரித்துக்கொண்டிருந்தார்கள். ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் அதே ஈஸ்ட்தான். குடுவைகளில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி அதை வளர்ப்பது அவர் பொறுப்பு என்பதால், ஆய்வகத்தில் அவருக்கு நுரைக்காரர் என்றே பெயர்.

மருந்து கடைக்கு வர இன்னும் இரண்டு வருடமாவது ஆகும். அவள் இரண்டு மாதம் தாண்டுவாளா என்பதே சந்தேகம். ஆகவே நுரைக்காரர் தன் குடுவைகளிலிருந்து தினம் ஒரு குப்பி திருடினார்.

மாட்டினால் வேலை மட்டும் போகாது, கம்பி எண்ண வேண்டியதுதான். ஆனாலும் ஒருநாள் அவள் லேசாக முனகியதற்கு, மறுநாளே இரண்டு குப்பியாகக் கொண்டுவந்து நின்ற மனிதர் அவர்.

அன்று காலை வேலைக்குப் போனதும் தலைமை விஞ்ஞானி அவரைத் தன் அறைக்கு அழைத்தார். திருட்டு தெரிந்துவிட்டது, இருபது வருட நல்ல பெயர் இன்றோடு சரி என்று நினைத்துக்கொண்டே போனார் நுரைக்காரர்.

"புதுக் குடுவைக்கு ஈஸ்ட் எதுலேர்ந்து எடுக்கறீங்க?" என்று கேட்டார் விஞ்ஞானி.

"எது நல்லாப் பொங்குதோ அதுலேர்ந்துதான் மேடம். நோஞ்சானையெல்லாம் கொட்டிடுவேன்."

"கெடுத்தீங்க போங்க!" அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார். "மருந்து செய்யற ஈஸ்ட் உழைச்சு உழைச்சு நோஞ்சானாத்தான் கிடக்கும். வேலையை விட்டதுதான் தின்னு கொழுத்துப் பொங்கும். நீங்க சோம்பேறியாப் பார்த்துப் பொறுக்கி வளர்த்திருக்கீங்க!"

"அப்போ... மருந்து?"

"எடுத்து வெச்ச மாதிரியையெல்லாம் நேத்துதான் சோதிச்சேன். மூணு வாரமா உங்க குடுவை எதுலயும் ஒரு சொட்டு மருந்து இல்லை."

திருட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் நுரைக்காரர் அதையெல்லாம் மறந்தே போயிருந்தார். மூன்று வாரமாக வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டா வலியே இல்லை என்கிறாள்? அப்படியானால் நோயே இறங்கிவிட்டதா? பாவம், மனிதருக்குச் சந்தோஷம் தலைக்கேறிவிட்டது.

"நான் திட்டறேன், நீங்க சிரிக்கிறீங்க?"

"அரை நாள் லீவு வேணும் மேடம்" என்றவர், பதிலுக்குக்கூட நிற்கவில்லை.

இன்றே டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும், மறுபடியும் ஸ்கேன் எடுக்கச் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனக்கோட்டை கட்டியபடி வந்தார். அவள் தூங்கிக்கொண்டிருப்பாள் என்று ஓசைப்படாமல் கதவைத் திறந்தார். அந்த நேரத்தில் அவர் ஒருநாளும் வீட்டுக்கு வந்ததில்லை.

படுக்கையறைத் தரையில் அவள் சுருண்டு கிடந்தாள். சத்தம் வெளியே வராமலிருக்கத் துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்திருந்தாள். கட்டில் காலை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

அவரைக் கண்டதும் பதறிப்போய்த் துண்டை உருவி எறிந்தாள். முடியை ஒதுக்கிக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

"மூணு வாரமாவே இப்படித்தானா?" நுரைக்காரர் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "ஏன் சொல்லலை? வலிக்குதுன்னு ஒரு வார்த்தை ஏன் சொல்லலை?"

அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"சொன்னா, நீங்க இன்னும் அதிகமாத் திருடுவீங்களே!"